கறுத்த ஜரிகையைக் கழற்றாதீர்கள்: பழைய ரவிவர்மா படம் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி பழைய படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ரவிவர்மா அச்சகத்து மோகினி, ஊஞ்சலில் ஆடுகிற படம். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தபோது கிடைத்ததாம். இப்படிப்பட்ட அச்சுப் படங்களில், வரைந்த சேலைமேல் நிஜத் துணியும் ஜரிகையும் வைத்துத் தைத்து அலங்கரிப்பார்கள். "அண்ணே, வாங்குறப்ப சேலையெல்லாம் கறுப்பா இருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் புது ஜரிகை வச்சுட்டேன், பாருங்க" என்றார். பளபளவென்றுதான் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஈரச் சுவரில் மாட்டாதே, வெயில் படாமல் வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரவிவர்மா பிரஸ் என்றால் ரவிவர்மாவின் கை என்று நினைப்பது

ரவிவர்மா 1894-ல் பம்பாயில் லித்தோ அச்சகம், அதாவது கல்லில் வரைந்து அச்சிடும் அச்சகம், தொடங்கினார். முதலில் வந்த படம் சகுந்தலையின் பிறப்பு. 1899 வாக்கில் அச்சகம் லோணாவ்லா பக்கத்து மளவ்லிக்குப் போனது. சில வருடத்திலேயே ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்கு மாறிவிட்டது. ரவிவர்மா 1906-ல் இறந்துவிட்டார். ஆனால் அச்சகம் அதே பெயரில் பல பத்தாண்டுகள் படம் போட்டுக்கொண்டிருந்தது. வேறு ஓவியர்கள் வரைந்த படங்களும் அங்கே அச்சாகின. 1972-ல் தீப்பிடித்து எரிந்ததோடு கதை முடிந்தது.

ஆக, ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தால் அது அந்த அச்சகத்தில் வந்தது என்று மட்டும்தான் பொருள். ஊர்ப் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். பம்பாய் என்று இருந்தால் பெரும்பாலும் தொடக்க காலத்தது. கார்லா, லோணாவ்லா என்று மளவ்லி பக்கத்து ஊர்ப் பெயர் இருந்தால் அதற்குப் பிந்தையது. இந்த ஒரு வரியை வைத்தும் விலை பேசப்படுகிறது. ஓரத்தைப் பற்றிக் கீழே நிறையச் சொல்லப்போகிறேன்.

வெறும் கண்ணால் பார்த்து முடிவு செய்வது

நகைக்கடையில் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். அதைப் படத்தில் இருக்கும் பெண்ணின் கன்னத்தில் வையுங்கள். ஒலியோகிராஃப் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டது. கேன்வாஸ் போலத் தெரியவேண்டும் என்று பல படங்களில் கடைசியாக வார்னிஷ் பூசி, நெசவு மாதிரி அழுத்தியிருப்பார்கள். லென்ஸில் கன்னத்து ரோஸ் நிறம், கையால் குத்தி வைத்தது போல, அளவும் இடைவெளியும் ஒழுங்கில்லாத புள்ளிகளாகத் தெரியும். ஆஃப்செட் மறு அச்சு (பிற்காலத்தில் எடுத்த நகல்) என்றால் நான்கே நிறத்துப் புள்ளிகள், சின்னச் சின்னப் பூப்போலக் கோலப்புள்ளி ஒழுங்கில் வரிசையாக நிற்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

முகத்தில்தான் பார்க்கவேண்டும். சேலையில் ஜரிகை மறைத்துவிடும், முகத்தில் யாரும் எதையும் ஒட்டுவதில்லை.

கையெழுத்தை நம்புவது

அச்சுப் படத்தில் இருக்கும் கையெழுத்தும் அச்சுதான்.

துடைத்து, வெட்டி, புதுசாக்குவது

என்னை இன்றைக்கும் உறுத்துவது இதுதான்.

நான் வாங்கியது தமயந்தி, அன்னத்தோடு பேசுகிற படம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு கடையில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். சேலை முழுக்கத் துணி வைத்துத் தைத்திருந்தது. கரையில் ஜரிகை, கழுத்தில் கண்ணாடி மணி, முந்தானையில் உலோகச் சமிக்கி. ஜரிகை கரிக்கோடு போலக் கறுத்திருந்தது. 18,000 ரூபாய் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு அது மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல்.

சட்டம் போடும் கடை ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்து, "நல்லா சுத்தம் பண்ணி, புது ஃபிரேம் போடுங்க" என்றேன். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. அவர்கள் ஜரிகையைப் பிய்த்துப் புது ஜரிகை வைத்தார்கள். கையிருப்பில் இருந்த சட்டத்துக்குப் பொருந்தவேண்டும் என்று நாலு பக்கமும் அரை அங்குலம் வெட்டினார்கள். பின்பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, படத்தை ஹார்ட்போர்டில் வெள்ளைப் பசை போட்டு முழுசாக ஒட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மாட்டியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

விவரம் தெரிந்த ஒருவர் பார்க்க வந்தபோதுதான் புரிந்தது. "எந்த ஊர் அச்சு?" என்று கேட்டார். ஓரமே இல்லை. "பின்பக்கம் தையல் எப்படி இருந்தது?" பின்பக்கமும் இல்லை. "பழைய ஜரிகை?" அதுவும் இல்லை. படம் அசல்தான், லென்ஸில் புள்ளிகள் சரியாகவே இருந்தன. ஆனால் எப்போது வந்தது, எப்போது அலங்கரிக்கப்பட்டது என்று சொல்ல ஒரு சாட்சியும் மிஞ்சவில்லை.

அந்தச் சாட்சி எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். நல்ல ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளி சுற்றி, தங்க முலாம் பூசியது. காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கிறது. பிளாஸ்டிக் ஜரிகை இப்படிக் கறுக்காது. நீங்கள் அழுக்கு என்று நினைக்கிற கறுப்புதான் அது பிளாஸ்டிக் இல்லை, உலோகம் என்று சொல்கிறது. அதைப் புளி போட்டு, விபூதி போட்டுத் தேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புளியின் அமிலம் தாளுக்குள் இறங்கி நாளடைவில் பழுப்புக் கறையாக மேலே வந்து நிற்கும்.

பின்பக்கம் இன்னும் முக்கியம். இப்படிப் படத்துக்குச் சேலை கட்டியவர்களில் நிறையப் பேர் வீட்டுப் பெண்கள். அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் படத்தைத் திருப்பினால் அவர்கள் கை தெரியும். நான் பிறகு வாங்கிய ஒரு சகுந்தலைப் படத்தின் பின்னால், ஓவியத்தில் இருக்கும் கொசுவ மடிப்புகளை அப்படியே பின்தொடர்ந்து சின்னச் சின்ன ஓட்டுத்தையல் போகிறது. முழங்கால் பக்கம் பச்சை நூல் தீர்ந்திருக்கிறது. அங்கே ஒரு முடிச்சுப் போட்டு, நீல நூலில் தொடர்ந்திருக்கிறார். முன்னால் எவ்வளவு பார்த்தாலும் இது தெரியாது. ஹார்ட்போர்டில் ஒட்டியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. என் தமயந்திக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது இனி யாருக்குமே தெரியப்போவதில்லை.

பின்பலகையையும் விடாதீர்கள். ஓட்டையை அடைக்க ஒட்டிய செய்தித்தாளில் தேதி இருக்கும். ஃபிரேம் கடை ஒட்டிய சீட்டு இருக்கும். ஆணியின் துரு பலகையிலும் சட்டத்திலும் ஒரே இடத்தில் பொருந்தினால், இரண்டும் நெடுநாள் சேர்ந்தே இருந்தவை என்று நம்பலாம்.

சரி, என்னதான் செய்வது? பிரிப்பதற்கு முன் முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். மெல்லிய, உலர்ந்த பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். பழைய பசை அரிசிக் கஞ்சியாகவோ மைதாவாகவோ இருந்தால் இராமபாணப் பூச்சி வந்திருக்கும், அதைப் பாருங்கள். ஃபிரேம் போடுகிறவரிடம் மூன்று விஷயத்தை எழுதியே கொடுங்கள்: ஓரத்தை வெட்டக்கூடாது, எதிலும் ஒட்டக்கூடாது, கண்ணாடி ஜரிகையில் படாமல் இடைவெளி விடவேண்டும். பின்னால் அமிலமில்லாத அட்டை வையுங்கள். பழைய பலகையைத் தனியாகக் கட்டி, படத்தோடு வையுங்கள்.

ஜரிகை பழசு, அதனால் படமும் பழசு

இது தலைகீழ்த் தவறு. கிழிந்த பட்டுச் சேலையின் கரையை வெட்டி ஆஃப்செட் அச்சின்மேல் வைத்து விற்கிறார்கள். ஜரிகை உண்மையிலேயே பழசாக இருக்கும். தாள்தான் புதுசு. அதே மாதிரி, பழைய படத்தில் ஒன்றிரண்டு பிளாஸ்டிக் சமிக்கி இருந்தால் உடனே ஒதுக்கவேண்டாம். இடையில் யாரோ உதிர்ந்ததற்குப் பதில் வைத்திருக்கலாம். முதலில் தாள், அப்புறம்தான் அலங்காரம்.

வெளிநாட்டுக்கு அனுப்புவது

100 வருடத்தைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே அனுப்ப 1972-ன் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் இடம் தரவில்லை. ரவிவர்மாவின் ஓவியங்கள் தேசியக் கலைச்செல்வங்கள், அவையும் வெளியே போகக்கூடாது.

அந்தத் தம்பி கழற்றிய ஜரிகையைக் குப்பையில் போட்டுவிட்டார். ஓரத்தை வெட்டவில்லை, அதுவரை நல்லது. பழைய பின்பலகை மொட்டைமாடியில் கிடக்கிறதாம். மழை வருவதற்குள் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் ஏதோ தாள் ஒட்டியிருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை லென்ஸோடு போகிறேன்.