கரோல் பாக்கில் காசைக் கரைக்கும் முன்: லடாக் பைக் பயணத்துக்குப் பொருள் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பிறந்துவிட்டால் தில்லி கரோல் பாக்கில், பைக் சாமான் கடைகள் நிறைந்த நாயிவாலா தெருவில் தமிழ்நாட்டு எண் பலகை மாட்டிய பைக்குகள் தென்படத் தொடங்கிவிடும். பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, ரயிலின் பார்சல் பெட்டியில் அனுப்பிய வண்டிகள். புதுதில்லி நிலையத்தில் இறக்கிய கையோடு பையன்கள் நேரே இங்கேதான் வருகிறார்கள். என் வீடு நடக்கிற தொலைவுதான். மாலையில் காய்கறி வாங்கப் போகும்போது, ஊரில் ஒரு வருடமாகச் சேர்த்த பணம் இரண்டு மணி நேரத்தில் கரைவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போக மனம் வருவதில்லை. நான்கு முறை மணாலி வழியாக லடாக்கின் முக்கிய ஊரான லே போய் வந்தவன் நான். இங்கே விற்கும் வேண்டாத சாமான்களில் பாதியை நானும் வாங்கியிருக்கிறேன்.

எல்லோரும் முதலில் கை வைப்பது சைலன்சரில்தான். சத்தம் கூடினால் இழுவை கூடும் என்று ஒரு நம்பிக்கை. லேயைத் தாண்டி இருக்கும் கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியளவுதான். 40 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் அங்கே பாதிக்குச் சற்று மேலேதான் தரும். சைலன்சரை மாற்றினாலும் இல்லாத காற்று வந்துவிடாது. காற்று வடிகட்டியை மாற்றுவது அதைவிட மோசம். மணாலி–லே வழியில் வரும் மோரே சமவெளியில் பறக்கும் புழுதி கோதுமை மாவைப் போல மென்மையானது. அதிகக் காற்றை விடும் வடிகட்டி அந்த மாவையும் சேர்த்தே எஞ்சினுக்குள் விடும். இழுவைதான் வேண்டுமென்றால் முன்பக்கச் செயின் சக்கரத்தில் ஒரு பல் குறைவானதைப் போடுங்கள். கொண்டைஊசி வளைவுகளில் முதல் கியரில் வண்டி நிதானமாக ஏறும், அரைக் கிளட்ச் பிடித்துக் கிளட்ச் தட்டைக் கருக்க வேண்டியிருக்காது. இதை எந்தக் கடைக்காரரும் தானாகச் சொல்ல மாட்டார். விலை குறைவு, பார்வைக்கும் தெரியாது.

அடுத்தது என் அக்கா மகனோடு போனபோது நடந்தது. பாங் தாண்டி, மோரே சமவெளியின் நடுவில், அவன் பின்சக்கரத்தில் ஆணி. 'பஞ்சர் கிட் இருக்கிறது மாமா' என்று பெருமையாகப் பையைத் திறந்தான். உள்ளே பிசின் தோய்த்த ரப்பர்த் திரிகளும், அதைக் குத்தி இறக்கும் ஊசியும். அவனுடையது டியூப் போட்ட சக்கரம். திரி டியூப்லெஸ் டயருக்கு மட்டுமே உதவும். டியூபில் குத்தினால் இன்னும் ஒரு ஓட்டைதான் மிச்சம். இரண்டு மணி நேரம் காற்றில் நின்றோம். பின்னால் வந்த ஒரு மலையாளி இளைஞர், தன்னிடம் மிச்சமிருந்த டியூபையும் டயர் நெம்புகோலையும் தந்துதான் கிளம்ப முடிந்தது. கம்பிச் சக்கரம் உள்ள பல வண்டிகள் இன்றும் டியூபோடுதான் ஓடுகின்றன. ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் சக்கரம் எந்த வகை என்று பாருங்கள். டியூப் என்றால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, இரண்டு நெம்புகோல், சிறிய பம்ப். வாங்கியதோடு நிற்காமல், தில்லியிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அச்சுத் திருகைக் கழற்றும் ஸ்பேனர் வண்டியோடு வந்த பையில் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

உடை விஷயத்தில் நம்மைக் கெடுப்பது தில்லி வெயில். 42 டிகிரியில் ஜாக்கெட் போட்டுப் பார்த்தால் வலைத்துணி ஜாக்கெட்தான் மனதுக்குப் பிடிக்கும். அதையும் பனியன் மேல் கச்சிதமாகப் பொருந்தும் அளவில் எடுத்துவிடுவார்கள். அதே வழியில் உள்ள பாரலாச்சா லா கணவாயில் ஆலங்கட்டியோடு மழை அடிக்கும்போது உள்ளே ஒரு கம்பளிச் சட்டைக்குக்கூட இடம் இருக்காது. ஊரிலிருந்து கம்பளிச் சட்டையோடு வந்து, அதன் மேல் போட்டுப் பாருங்கள். மழை காக்கும் துணி ஜாக்கெட்டுக்கு உட்புறம் இருந்தால், நீங்கள் நனையாவிட்டாலும் மேல்துணி நனைந்து கனத்துவிடும், காற்றில் உடம்பு விறைக்கும். மலிவான மழைக்கோட்டை ஒரு அளவு பெரியதாக எடுத்து வெளியே போடுவது மேல். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், ஈரத்தை விடவே விடாது. முதுகுப் பகுதியில் இருக்கும் பட்டையை உருவிப் பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் அது வெறும் பஞ்சு. சி.இ. என்ற ஐரோப்பியத் தர முத்திரையும் 1621 என்ற எண்ணும் இருந்தால்தான் அடி தாங்கும். கையுறை தடிமனாக இருந்தால் மட்டும் போதாது. அதைப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து கிளட்சை இருபது முறை பிடித்து விடுங்கள். விரல் இடறினால் வேறு கேளுங்கள்.

பெட்ரோல் கேன்களை வண்டிக்கு இருபுறமும் கட்டுவது இப்போது அலங்காரமாகிவிட்டது. மணாலி–லே வழியில் உள்ள டாண்டி என்ற ஊரின் பெட்ரோல் நிலையத்தில் 'அடுத்த நிலையம் 365 கி.மீ.' என்ற பலகையைப் படம்பிடிக்காதவர் இல்லை. அந்தப் பயம்தான் காரணம். 17 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 28 கி.மீ. என்று வைத்தால் 470 கி.மீ. போகலாம். அவசரத்துக்கு ஐந்து லிட்டர் போதும். இருபது லிட்டர் என்றால் பதினைந்து கிலோ கூடுதல் சுமை. அதையும் பின்பக்கப் பெட்டியோடு சேர்த்துப் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் கட்டினால், ஓடையைக் கடக்கும்போது முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரியும்.

ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மலைநோய்க்கு அது மருந்தல்ல. உடம்பு உயரத்துக்குப் பழக லே போனதும் இரண்டு நாள் படுத்துக் கிடப்பதற்குச் செலவே இல்லை.

தில்லியில் வாடகைக்கு வண்டி எடுப்பவர்கள் இத்தனையும் செய்துவிட்டு லேயில் திகைத்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். லடாக்குக்கு வெளியே வாடகைக்கு எடுத்த பைக்கை, லேயிலிருந்து எல்லோரும் பார்க்கப் போகும் நுப்ரா பள்ளத்தாக்குக்கோ பாங்கோங் ஏரிக்கோ ஓட்ட உள்ளூர் வாடகை வண்டிச் சங்கத்தினர் விடுவதில்லை. அங்கே மறுபடி ஒரு வண்டி எடுக்க வேண்டும். அதனால் வாடகை வண்டியில் எதையும் மாற்றிப் பொருத்தாதீர்கள். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, காலணி என்று உடம்போடு வருவதற்கு மட்டும் செலவழியுங்கள்.

திங்கட்கிழமை தில்லியில் இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: அன்று கரோல் பாக் கடைகளுக்கு விடுமுறை. நல்ல காபி குடித்துவிட்டுத் தூங்குங்கள், மறுநாள் பார்க்கலாம்.