சந்தைக்குப் போனால் சமைக்கவும் வேண்டும்

ஆடி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் நல்லூர், கீரிமலை, நயினாதீவு என்று ஒரு பட்டியலோடுதான் இறங்குவார்கள். அதில் ஒரு காலைப்பொழுதைச் சந்தைக்கு ஒதுக்கிவிடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அடுப்பு உள்ள வீட்டில் தங்குங்கள். ஹோட்டலில் இருந்துகொண்டு கத்தரிக்காயைப் படம் எடுத்து என்ன செய்வது?

நகரத்துக்குக் கிட்ட என்றால் பலாலி வீதியில், பல்கலைக்கழகப் பக்கம் உள்ள திருநெல்வேலிச் சந்தை. வலிகாமத்துச் செம்மண் தோட்டத்து மரக்கறிக்குச் சுன்னாகம். மாம்பழம், பலாப்பழம், தேங்காய், பனம்பொருள் என்றால் ஏ9 வீதியில் கொடிகாமம். அங்கே ரயிலிலும் போகலாம். ஒன்றுக்குத்தான் நேரம் உண்டென்றால் நான் கொடிகாமத்தைத்தான் சொல்வேன்.

விடிந்த கையோடு போங்கள். வெயில் ஏறினால் கீரை வாடிவிடும், அதை விற்கும் ஆச்சிமாரும் எழும்பிப் போய்விடுவார்கள். துணிப்பை ஒன்று, சில்லறைத் தாள்கள் கொஞ்சம். வங்கி இயந்திரம் தந்த 5000 ரூபாய்த் தாளை ஒரு பிடி வல்லாரைக்கு நீட்டினால் ஆச்சி உங்களைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே!

பெரிய கடைகளை முதலில் கடந்து போய், நிலத்தில் சாக்கு விரித்து இருப்பவர்களிடம் போங்கள். தங்கள் வளவில் ஆய்ந்ததைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, பொன்னாங்காணி எல்லாம் அவர்களிடம் கிடைக்கும். பெயர் மறந்துபோனாலும் வெட்கப்படாமல் கேளுங்கள். போன முறை நான் முசுட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபோது, "எந்த ஊர் மோனை?" என்று தொடங்கிய ஆச்சி, "மெல்லிசா அரிஞ்சு, தேங்காய்ப்பூ போட்டு வறை வை, தண்ணி விட்டிடாதை" என்று முடித்தார். அன்று மத்தியானம் அப்படியே செய்தோம். லண்டன் கடையில் விமானம் ஏறி வந்த கீரைக்கு அந்தக் குணம் வராது.

பேரம் பேசலாமா? மொத்தமாக வாங்கினால் பேசுங்கள். இரண்டு பிடி கீரைக்கு வேண்டாம். தோட்டக்காரர் சந்தைக்குக் கொண்டுவரும் மரக்கறியில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று காசு கொடுக்காமல் கழிக்கும் வழக்கம் இங்கே நெடுங்காலப் பிரச்சினை. அதற்கு மேல் நாமும் போய்க் கழிப்பதா?

மாம்பழம் வைகாசி, ஆனியில்தான் உச்சம். ஆடி பிறந்துவிட்டால் குறையத் தொடங்கும். கறுத்தக்கொழும்பான் கிடைத்தால் விடாதீர்கள். "இன்றைக்குச் சாப்பிட இரண்டு, நாளையின்றைக்கு இரண்டு" என்று கேட்டால் பார்த்துத் தெரிந்து தருவார்கள். தவறவிட்டாலும் கவலையில்லை, ஆடி கடைசியில் பனம்பழம் விழத் தொடங்கும். பணியாரம் சுடத் தெரிந்த சித்தியோ மாமியோ வீட்டில் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பனங்கிழங்கு தையை ஒட்டி வருவது. நல்லூர்த் திருவிழா நாட்களில் ஊரே சைவமாகிவிடுவதால் மரக்கறி விலை ஏறியிருக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

திரும்பும்போது கொண்டுபோக ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு), புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்தது), ஒடியல் மா, ஓலைக் குட்டானில் பனங்கட்டி நல்லவை. கனதியும் இல்லை, பழுதாகாது. மாம்பழத்தைப் பெட்டிக்குள் ஒளிக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் அது போகாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. ஆஸ்திரேலியா போகிறவர்கள் ஒடியல் மாவைக்கூட வருகை அட்டையில் அறிவித்துவிடுங்கள். மாம்பழத்தை முற்றத்தில் இருந்து, சாறு முழங்கை வழியே ஒழுக, அங்கேயே தின்று முடியுங்கள்.