மலாய் வரிசை, தமிழ் வேற்றுமை: லிவோனிய இலக்கணத்துக்குள் நுழைய ஒரு வழி

லாத்வியாவின் கூர்லாந்துக் கடற்கரை மீனவ ஊர்களின் மொழி லிவோனியம். ஃபின்னிஷுக்கும் எஸ்தோனியத்துக்கும் உறவு. அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதரான கிரிசெல்டா கிறிஸ்டினா 2013இல் கனடாவில், 103 வயதில் காலமானார். இன்று அதைப் பேசுகிறவர்கள் ஏறக்குறைய எல்லாருமே பிறகு கற்றுக்கொண்டவர்கள்தான். கோலாலம்பூரில் உட்கார்ந்து தொடங்கும் ஒருவருக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு. ஆங்கிலத்தின் வழியே போனால் வேற்றுமை உருபுகள் பெரும் பாரமாகத் தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒப்பித்தவருக்கு அவை பழகிய சரக்கு.

முதலில் எழுத்து. ரோமன் எழுத்துகள்தான். தலைமேல் கோடு இருந்தால் நெடில், இல்லையென்றால் குறில். கோட்டை விட்டுவிட்டு எழுதுவது 'கால்' எழுத வேண்டிய இடத்தில் 'கல்' எழுதுவது போன்ற பிழை. நம்மவர் அதிகம் சறுக்கும் இடம் வேறு. எல், என், டி ஆகிய எழுத்துகளின் கீழே சிறு கொக்கி வரும். தமிழை ரோமன் எழுத்தில் எழுதும் ஆய்வு முறையில் கீழ்ப்புள்ளியைப் பார்த்துப் பழகிய கண் அதை ள, ண, ட என்று படித்துவிடும். அது தவறு. கொக்கி வந்தால் நாக்கு மடியாது. நடுநாக்கு அண்ணத்தைத் தொட, ஒலியோடு ஒரு யகரம் குழையும். கொக்கி போட்ட 'என்' ஏறக்குறைய நம் ஞகரம், மலாய் 'ஞாமோக்'கின் முதல் ஒலி.

அலைக்கோடு போட்ட 'ஓ' இன்னொன்று. சொல்லின் முதலசை தவிர மற்ற இடங்களில் அது மலாய் 'எம்பாட்'டின் தொடக்கத்தில் வரும் மங்கிய ஒலிக்கு நெருக்கம். சொல்லிறுதியில் நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் போதும். இங்கே அதை உகரமாகவே எழுதியிருக்கிறோம். அழுத்தம் எப்போதும் முதலசையில். மலாய்ப் பழக்கத்தில் கடைசிக்கு முந்திய அசையை அழுத்த வேண்டாம்.

இனி வேற்றுமை. 'கலா' என்றால் மீன். 'கலான்' மீனுக்கு. 'கலாக்ஸ்' மீனோடு, 'மீனாக' என்பதற்கும் அதே உருபுதான். நம் மூன்றாம் வேற்றுமையில் ஆல், ஓடு இரண்டும் அடங்குவது போல, இங்கே 'ஆக' என்பதும் சேர்ந்துகொள்கிறது. 'துபா' அறை, 'துபாஸ்' அறையில், 'துபாஸ்த்' அறையிலிருந்து.

நான்காம் வேற்றுமையில் நின்று நிதானிக்க வேண்டும். 'மின்னுன் உம் கலா': எனக்கு மீன் உண்டு. மின்னுன் என்பது 'எனக்கு', உம் என்பது 'உண்டு'. உடைமையைச் சொல்ல 'வைத்திருக்கிறேன்' என்று வினை தேட வேண்டியதில்லை. நம் 'எனக்கு இரண்டு பிள்ளைகள்' அமைப்பை அப்படியே வைக்கலாம். ஃபின்னிஷும் எஸ்தோனியமும் இந்த இடத்தில் 'என்மேல் இருக்கிறது' என்று முதலில் பொருள்பட்ட உருபைப் போடுகின்றன. 'கு' போன்ற தனி உருபு லிவோனியத்தின் சிறப்பு.

பகுதி வேற்றுமை, அதாவது ஒன்றின் முழுமையை அல்லாமல் அதில் கொஞ்சத்தையோ அதன் இல்லாமையையோ சொல்லும் வடிவம், தமிழில் இல்லை, இதற்கு மட்டும் தனி உழைப்பு வேண்டும். 'கலா' என்பது 'கல்லு' ஆகும், லகரம் இரட்டிக்கும். வீடு, வீட்டை ஆவதை நினைத்தால் காதுக்கு அந்நியமாக இராது. மறுப்பு வாக்கியத்தில் இது கட்டாயம்: 'மின்னுன் எப் ஊஓ கல்லு', எனக்கு மீன் இல்லை. 'கலா' என்று விட்டால் பிழை. இந்தக் 'கல்லு'வில் இன்னொரு நுட்பமும் உண்டு. முதலசையின் நடுவே தொண்டை ஒரு கணம் இறுகித் தளரும். மலாய் 'தாக்' சொல்லும்போது இறுதியில் தொண்டை அடைக்கிறதே, அதைவிட மென்மையாக, அசைக்கு உள்ளேயே நிகழ வேண்டும். வழக்கமான எழுத்தில் இதற்குக் குறி கிடையாது. 2012இல் வந்த லிவோனிய–எஸ்தோனிய–லாத்விய அகராதியில் மேற்கோள் குறி போன்ற ஒற்றைக் கீற்றாகக் காட்டியிருப்பார்கள். சொற்களைக் குறிப்பேட்டில் எழுதும்போதே அந்தக் கீற்றையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு சேர்ப்பது நடக்காத வேலை.

வினைக்கு வருவோம். 'ம யெலாப்' நான் வாழ்கிறேன், 'ச யெலாத்' நீ வாழ்கிறாய், 'த யெலாப்' அவர் வாழ்கிறார். தன்மையும் படர்க்கையும் ஒரே வடிவம். 'போறேன்' என்றாலே யார் என்று புரியும் தமிழ்ப் பழக்கத்தில் 'ம'வை விழுங்கிவிட்டால் கேட்பவருக்கு யார் என்றே தெரியாது. இந்த 'த' மலாய் 'தியா' மாதிரி: ஆண், பெண் பேதம் இல்லை. 'மேக்' என்றால் நாம், நாங்கள் இரண்டும்; தமிழிலும் மலாயிலும் உள்ள அந்தப் பிரிவு இங்கே கிடையாது.

இரு என்ற வினை ஒழுங்கற்றது, மனப்பாடம்தான்: ம உம், ச ஊஓத், த உம், மேக் ஊஓம், தேக் ஊஓத், நெ அத்து. 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் தமிழெழுத்தில் ஒன்றாகத் தெரிவதைக் கவனியுங்கள். லிவோனியத்தில் முன்னதன் கடைசி எழுத்து ரோமன் 'd', பின்னதன் கடைசி எழுத்து 't'. தமிழெழுத்தில் பாடக்குறிப்பு எழுதக் கூடாது என்பதற்கு இது ஒன்றே காரணம் போதும்.

மறுப்புச் சொல்லும் ஆளுக்கேற்ப மாறும்: ம எப், ச எத், த எப். இறந்த காலத்தில் ம இஸ், ச இஸ்த், த இஸ். இந்த எகரத்தை 'பேங்க்' சொல்லும்போது போல வாயை அகலத் திறந்து ஒலிக்க வேண்டும். 'இல்லை' என்ற ஒரே சொல்லோடு பழகியவர்கள், இலக்கணத்தில் படித்த 'செய்யேன், செய்யாய்' என்பதை நினைவுக்குக் கொண்டுவரலாம். அங்கே விகுதி வினையில். இங்கே மறுப்புச் சொல்லில்.

கேள்விப்பட்டதைச் சொல்ல, நம் 'வந்தானாம்' போலத் தனி வினை வடிவம் உண்டு. அது இரண்டாம் மாதத்துக்கு.

சொல்வரிசை பெரும்பாலும் மலாய் போல: எழுவாய், வினை, பிறகு செயப்படுபொருள். வினையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஆனால் உடைமைத் தொடரில் மலாய் கைகொடுக்காது. 'என்' முன்னால் வரும், தமிழைப் போல: 'மின் துபா', என் அறை. 'லோத பேல்' என்பது மேசை மேல்; அங்கும் இடச்சொல் பின்னாலேயே நிற்கிறது.

தட்டச்சுக்கு லாத்விய விசைப்பலகையைக் கைப்பேசியில் சேர்த்தால் ஆ, ஏ, ஈ, ஊ நெடில்களும் கொக்கி எழுத்துகள் சிலவும் கிடைக்கும். அலைக்கோட்டு 'ஓ'வுக்கு எஸ்தோனியப் பலகை. மேலே புள்ளி வைத்த 'ஓ' போன்றவற்றை அகராதியிலிருந்து நகலெடுத்து, கைப்பேசியின் குறுக்குச்சொல் பட்டியலில் ஒருமுறை பதித்துவிடுங்கள்.

முதல் மூன்று வாரம் நாளுக்கு 20 நிமிடம், எல்ஆர்டி பயணத்திலோ பட்டர்வொர்த் ஃபெரியிலோ: பத்துப் பெயர்ச்சொற்களை மட்டும் எடுத்து ஒவ்வொன்றையும் 'மின்னுன் உம்', 'மின்னுன் எப் ஊஓ' இரண்டிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டாவதில் பகுதி வேற்றுமை தடுக்காமல் வரத் தொடங்கிய பிறகுதான் பதினொன்றாவது சொல்.