சீசன் முகாமில் மழைத் தண்ணீர் தேங்கினால் என்ன செய்வது

சீசன் முழுக்க ஒரே இடத்தில் கேரவனையோ பெரிய கூடாரத்தையோ நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு மழையைவிட மழைக்கு மறுநாள்தான் பெரிய தொல்லை. வானம் வெளுத்த பிறகும் படிக்கட்டுக்கு முன்னால் தண்ணீர் நிற்கும், நடக்கிற வழியெல்லாம் சொதசொதவென்று கிடக்கும். உடனே எல்லோருக்கும் தோன்றுவது ஒரு லோடு மணலோ ஜல்லியோ கொட்டி மேடாக்கிவிடலாம் என்பதுதான். தயவுசெய்து அதில் ஆரம்பிக்காதீர்கள். சேற்றின் மேல் நேரடியாகக் கொட்டிய ஜல்லி மிதிபட மிதிபட உள்ளே இறங்கிவிடும், மணல் ஊறிப்போய் நிற்கும், தண்ணீரோ அங்கிருந்து நகர்ந்து அடுத்த பள்ளத்தைத் தேடிப் போகும், அது உங்கள் கேரவனுக்கு அடியில் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

தெரிய வேண்டியவை இரண்டே விஷயங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போக முடியும். இதை வெயிலில் நின்று ஊகிக்க முடியாது. இடி மின்னல் இல்லாத ஒரு நல்ல மழையில் கொஞ்சம் குச்சிகளை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள், தண்ணீர் உள்ளே நுழைகிற இடம், தேங்குகிற இடத்தின் விளிம்பு, வழிந்து வெளியேறுகிற இடம் மூன்றிலும் குச்சி நட்டு வையுங்கள். மழை விட்டதும் அந்தக் குச்சிகளைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

பெரும்பாலும் முதல் குற்றவாளி நம் கூரைதான். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர் தண்ணீர். கேரவன் கூரையும் முன்னால் இழுத்துக் கட்டிய தார்ப்பாய்ப் பந்தலும் சேர்ந்து 30 சதுர மீட்டர் என்றால், 25 மி.மீ. மழைக்கு 750 லிட்டர், அதுவும் ஓரிரு மூலைகளில் மட்டும் கொட்டுகிறது. அந்த மூலைக்குக் கீழே குனிந்து பாருங்கள்: மண் அரித்துச் சின்னக் குழி விழுந்திருக்கும், பொடிக்கற்கள் கழுவினாற்போல் வெளியே தெரியும், பக்கத்துச் சக்கரத்தில் ஒரு சாண் உயரத்துக்குச் சேறு தெறித்துக் காய்ந்திருக்கும். இப்படி இருந்தால் தரையைத் தோண்டுவதற்கு முன்னால் கூரையைக் கவனியுங்கள். பந்தலின் ஒரு காலைத் தாழ்த்தி, தண்ணீர் நீங்கள் சொல்கிற மூலைக்கு வரும்படி செய்யுங்கள், அங்கே ஒரு மழைத்தண்ணீர்த் தாரை (கூரை ஓரத்தில் தண்ணீரை ஏந்திக்கொண்டு போகும் காடி) வைத்து, குழாய் மூலம் தாழ்வான பக்கமாக மூன்று நான்கு மீட்டர் தள்ளிக் கொண்டு போய் விடுங்கள். பீப்பாய் வைத்துப் பிடிக்கலாமே என்றால் பிடிக்கலாம், ஆனால் 200 லிட்டர் பீப்பாய் இந்தக் கூரைக்கு 7 மி.மீ. மழையிலேயே நிரம்பிவிடும், அதனால் நிரம்பிய பிறகு வழிவதற்கும் ஒரு குழாய் வேண்டும். கொசு வராமல் மேலே வலை கட்டுங்கள்.

அடுத்து, மேட்டுப் பக்கத்திலிருந்து வழிந்து வருகிற தண்ணீர். இதை உங்கள் இடத்துக்குள் விட்டு வெளியேற்றுவதைவிட மேல் விளிம்பிலேயே மடக்கிவிடுவது நல்லது. அதற்குத் தோண்டத்தான் வேண்டும், தோண்டுவதற்கு முன் முகாம் நிர்வாகத்திடம் கேட்டே ஆக வேண்டும். மின்கம்பி, குடிநீர், கழிவுநீர் எல்லாம் தரைக்குள் எங்கே ஓடுகின்றன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கடப்பாரைக் குத்தில் உயிரே போகலாம். மரத்தடியில் தடித்த வேர்களை வெட்டாதீர்கள். தண்ணீரைப் பக்கத்து இடத்துக்காரர் பக்கம் திருப்பிவிடுவதும் கூடாது, அவரிடமும் பேசி, பொதுவான வடிகாலுக்கு இரண்டு பேருமாகக் கொண்டு போக முடியுமா என்று பாருங்கள்.

அனுமதி கிடைத்தால் ஆழமில்லாத, அகலமான வாய்க்கால்தான் என் முதல் தேர்வு: 15 செ.மீ. ஆழம், 60 செ.மீ.க்குக் குறையாத அகலம், கரைகள் சரிவாக, உள்ளே புல். கால் தடுக்காது, அடைப்பு வந்தால் கண்ணுக்குத் தெரியும். வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, மீட்டருக்கு 1 செ.மீ.யாவது இருக்கட்டும், 2 செ.மீ. கிடைத்தால் இன்னும் நல்லது. இதைக் கண்ணால் அளக்காதீர்கள், கண் ஏமாற்றும். தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் போதும், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று அளந்து கழித்தால் வாட்டம் தெரிந்துவிடும்.

வாய்க்காலுக்கு இடமில்லாத இடத்தில்தான் ஜல்லி வடிகால். 45 செ.மீ. ஆழம், ஒரு அடி அகலம் தோண்டி, ஜியோடெக்ஸ்டைல் துணியை (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, கொஞ்சம் கழுவிய ஜல்லி போட்டு, துளையுள்ள குழாயைத் துளைகள் கீழே பார்க்கும்படி வைத்து, மறுபடி ஜல்லியால் மூடி, துணியை மேலே மடித்துவிட வேண்டும். துணி இல்லாமல் செய்தால் வண்டல் புகுந்து நாளடைவில் அடைத்துக்கொள்ளும். குழாயின் கடைமுனை கண்டிப்பாகத் தாழ்வான வெளியிடத்தில் திறக்க வேண்டும். போக வழியில்லாத வடிகால் வெறும் தண்ணீர்த் தொட்டிதான்.

வெளியேற்ற இடமே இல்லையென்றால் உறிஞ்சு குழி பற்றி யோசிக்கலாம், ஆனால் முதலில் மண் உறிஞ்சுமா என்று பாருங்கள். 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி வடிய விட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2 செ.மீ.க்கு மேல் என்றால் முயன்று பார்க்கலாம். 1 செ.மீ. கூட இறங்கவில்லையென்றால் அது களிமண், அங்கே குழி தோண்டி உழைப்பை வீணாக்க வேண்டாம்.

அந்த மாதிரி இடத்தில் நாம்தான் மேலே ஏற வேண்டும். நடைபாதைக்கும் உட்காரும் இடத்துக்கும் அதே ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து அதன் மேல் 10 செ.மீ. ஜல்லி, அல்லது கட்டைகளின் மேல் பலகைத் தளம். துணி இருப்பதால் இந்த ஜல்லி சேற்றில் இறங்காது. கூடாரமாக இருந்தால் அடியில் விரிக்கும் தரைவிரிப்பு கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டினால் மழையைப் பிடித்து அடியில் கொண்டு வந்து சேர்க்கும். மின்சார இணைப்புகளைத் தரையில் போடாதீர்கள். ஈரத் தரையில் வண்டியை ஏற்றாதீர்கள், மண் இறுகிப்போனால் அப்புறம் தண்ணீர் இறங்கவே இறங்காது. ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் கேரவனின் தாங்குகால்கள் அமிழ்ந்திருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

சீசன் முடிந்து கிளம்பும்போது தாரையில் கிடக்கும் இலைகளை அள்ளிவிடுங்கள், குழாயின் கடைமுனையில் எலி புகாதபடி கம்பி வலை மாட்டுங்கள். அடுத்த முறை வரும்போது புல் மூடியிருக்கும் என்பதால் அந்த முனைக்குப் பக்கத்தில் ஒரு குச்சியையும் நட்டுவிட்டுப் போங்கள்.