சோல் பாடகியின் கதையைச் சொல்லும்போது செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த சோல் இசையைப் பாடும் பெட்டி லவெட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், 'வயதான பிறகு வெளிச்சத்துக்கு வந்தவர்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. டெட்ராய்ட்டில் வளர்ந்த அந்தப் பெண் 1962-ல், 16 வயதில் பாடிய முதல் பாட்டே, கறுப்பின மக்களின் இசைக்கான 'ஆர் அண்ட் பி' விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்துவிட்டது. வெளிச்சம் அவர் மேல் அப்போதே விழுந்தது, பிறகு விலகிப்போனது.

விலகியதற்குக் குரலைக் குறை சொல்வதுதான் பெரிய தவறு. 1972-ல் அலபாமாவின் மசில் ஷோல்ஸில் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஒரு முழு ஆல்பம் பாடி முடித்தார். நிறுவனம் அதை வெளியிடாமல் கிடப்பில் போட்டது. பிரான்ஸ் நாட்டு இசைத்தட்டு சேகரிப்பாளர் ஒருவர் தேடிப்பிடித்து வெளியிட்டபோது வருஷம் 2000. கேட்டுப் பாருங்கள், 26 வயதுக் குரல், எங்கேயும் பிசிறில்லை. பாடகி தோற்றார் என்று இதை எப்படிச் சொல்ல முடியும்?

சோல் இசையின் அரசி என்று கொண்டாடப்படும் அரீத்தா ஃபிராங்க்ளினுக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. கொலம்பியா நிறுவனத்தில் ஆறு வருஷம், பெரிய வெற்றி இல்லை. 1967-ல் அதே மசில் ஷோல்ஸில் அவரைப் பியானோ முன்னால் உட்காரவைத்து, தேவாலயத்தில் பாடி வளர்ந்த மாதிரியே பாடவிட்டார்கள். வெற்றி வந்தது. குரல் அதேதான். அதைச் சுற்றி இருந்தவர்கள்தான் மாறினார்கள்.

ஹிட் இல்லாத வருஷங்களைச் சும்மா இருந்த காலமாக எண்ணுவதும் தப்பு. லவெட் சின்னச் சின்ன கிளப்புகளில் பாடினார், ஒரு பிராட்வே இசை நாடகத்தோடு வருஷக்கணக்கில் ஊர் ஊராகப் போனார். மேடையை விடவே இல்லை.

வயதான குரலின் கரகரப்பைத் தேய்மானம் என்று ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். 2008 டிசம்பர், வாஷிங்டனில் கென்னடி சென்டர் விருது விழா. அன்று கௌரவிக்கப்பட்ட பிரிட்டிஷ் ராக் குழு 'தி ஹூ'வின் பாட்டொன்றை அவர்கள் முன்னாலேயே பாடினார் லவெட். மூலத்தில் உச்சத்தில் வெடிக்கும் ராக் பாட்டு அது. இவர் அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லையும் தாங்கித் தாங்கி இறக்கிவைத்தார். மாடத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் குழுவின் பீட் டவுன்ஷெண்டின் முகத்தைப் பாருங்கள். தான் எழுதிய பாட்டையே புதிதாகக் கேட்கிற முகம்.

1972 பதிவை முதலில் கேளுங்கள். உடனே, இடைவெளி விடாமல், இந்த 2008 பாட்டைக் கேளுங்கள்.