‘நிக்ஷேபம்’ என்று எழுதியிருந்தால் ரசீதைக் கேளுங்கள்: ஓய்வூதிய நிதிக் கோப்புகளில் அரசு வழக்கறிஞர்கள் சறுக்கும் இடங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துக் கோப்புகளில் குறிப்பு மலையாளத்தில் இருக்கும். அதற்குச் சட்டக் கருத்துரை எழுத உட்காரும் வழக்கறிஞருக்கு வீட்டுமொழி தமிழ். முதல் சறுக்கல் ‘நிக்ஷேபம்’ என்ற சொல்லிலேயே வந்துவிடும். மலையாளத்தில் அது வங்கி டெபாசிட்டுக்கும் ஆகும், முதலீட்டுக்கும் ஆகும். தமிழில் வைப்பு வேறு, முதலீடு வேறு, சட்டத்திலும் அப்படித்தான். குறிப்பை மட்டும் படித்துவிட்டுப் பதில் எழுதினால், கேட்காத கேள்விக்கு ஒப்புதல் கொடுத்ததாக முடியும். ரசீது அல்லது பாண்டின் நகலை வரவழைத்து, கொடுத்தது யார், யார் பெயரில், எத்தனை மாதத்துக்கு, முன்கூட்டி எடுக்கலாமா என்ற நான்கையும் பார்த்த பிறகு பேனாவைத் திறக்கலாம்.

அடுத்த தவறு இன்னும் அடிப்படையானது. யாருடைய பணம், எந்த விதியில் கட்டுப்பட்டது என்று பார்க்காமலே ‘ஓய்வூதிய நிதி’ என்று ஒரே பெயரில் எழுதிவிடுவது. அரசு ஊழியரின் ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) மாநிலத்தின் பொதுக் கணக்கில் (அரசியலமைப்பின் 266(2)) நிற்கும் கடன்பொறுப்பு; அங்கே முதலீட்டுத் தொகுப்பு என்று ஒன்று கிடையாது. கேரளத்தில் 2013 ஏப்ரல் 1 முதல் பணிக்கு வந்தவர்கள் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்); அந்தப் பணம் ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையமான பி.எஃப்.ஆர்.டி.ஏ. விதிகளின் கீழ் ஓய்வூதிய நிதி மேலாளர்களிடம் போகிறது. ஆந்திரத்தில் பங்களிப்பு ஓய்வூதியம் 2004 செப்டம்பர் 1-லிருந்து. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-லிருந்து, அதுவும் பி.எஃப்.ஆர்.டி.ஏ.வில் சேராமல். மாநில எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் கணவன் என்று அரசு வேலை பார்க்கும் வீடுகளில் ‘சி.பி.எஸ்.’ (தமிழ்நாட்டின் பங்களிப்பு ஓய்வூதியம்), ‘என்.பி.எஸ்.’ இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். வீட்டில் சொல்லலாம், கருத்துரையில் கூடாது.

கேரளத்தின் தொழிலாளர் நலநிதி வாரியங்கள் தனி ரகம். கள்ளுத் தொழிலாளர்களுக்கு 1969-ம் ஆண்டுச் சட்டம், சுமைத் தொழிலாளர்களுக்கு 1978-ம் ஆண்டுச் சட்டம், மோட்டார் தொழிலாளர்களுக்கு 1985-ம் ஆண்டுச் சட்டம். நிதியை எங்கே போடலாம் என்பதை அந்தந்தச் சட்டத்திலும் அதன் திட்டத்திலும்தான் தேட வேண்டும். ஒரு வாரியத்துக்கு எழுதிய கருத்துரையை வெட்டி இன்னொன்றுக்கு ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. பிரிவு எண்ணைக்கூட மாற்றாமல் ஒட்டியவையும் உண்டு.

பணியாளர் பி.எஃப்., பணிக்கொடை, சூப்பர்ஆனுவேஷன் (ஓய்வுக்காலப் பலன்) டிரஸ்டுகளுக்கு மத்திய நிதியமைச்சகத்தின் 2015 மார்ச் 2-ம் தேதி அறிவிக்கை இருக்கிறது, இ.பி.எஃப். விலக்கு பெற்று தாங்களே டிரஸ்ட் நடத்தும் நிறுவனங்களுக்குத் தொழிலாளர் அமைச்சகத்தின் தனி அறிவிக்கை. இரண்டிலும் அமைப்பு ஒத்துப்போகும்: அரசுப் பத்திரங்களுக்குக் கீழ்வரம்பு, கடன் பத்திரங்களுக்கு ஓர் அளவு, பங்கு சார்ந்தவற்றுக்கு 5 முதல் 15 சதவீதம். இவற்றில் திருத்தங்கள் வந்துகொண்டே இருப்பதால், முதலீட்டுத் தேதியன்று எந்தத் திருத்தம் நடப்பில் இருந்தது என்பதையும் கருத்துரையில் எழுதுங்கள்.

நம் பகுதியில் அதிகம் இடறுவது வைப்புத்தொகையில். அறிவிக்கை சொல்வது ஓராண்டுக்குக் குறையாத டெர்ம் டெபாசிட். அதுவும் ஷெட்யூல்டு கமர்ஷியல் வங்கியில். அந்த வங்கிக்கும் நிபந்தனை உண்டு: தொடர்ந்து 3 ஆண்டு லாபம், மூலதன விகிதம் 9 சதவீதத்துக்குக் குறையாமல், நிகர வாராக்கடன் 4 சதவீதத்துக்கு மேல் போகாமல், நிகர மதிப்பு குறைந்தது 200 கோடி ரூபாய். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் ‘பேங்க்’ என்று பலகை தொங்கினாலும் அது இந்தக் கூட்டத்தில் சேராது. பேங்கிங் ரெகுலேஷன் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அத்தகைய சங்கங்கள் அந்தச் சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. அவற்றின் டெபாசிட்டுக்கு டி.ஐ.சி.ஜி.சி. (வைப்புக் காப்பீட்டுக் கழகம்) காப்பீடும் இல்லை. காப்பீடு இருக்கும் வங்கியில்கூட அது ஒரு வைப்பாளருக்கு 5 லட்சம் ரூபாய்தான். கோடிகளில் போடும் டிரஸ்டுக்கு அது எந்த மூலைக்கு? கேரள அரசுக் கருவூலத்தின் நிலைவைப்பையும் ‘அரசுப் பத்திரம்’ என்று சேர்த்துவிடுகிறார்கள். கருவூலத்தில் போட்ட பணம் அரசிடம் இருக்கிறது என்பது சரி. அதனால் அது அரசுப் பத்திரம் ஆகிவிடாது.

‘ஃபிக்ஸட் டெபாசிட்’ என்ற பெயர் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு உத்தரப்பிரதேச மின்வாரிய ஊழியர்களின் பி.எஃப். பணம் சாட்சி. வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல்.லில் 4,100 கோடிக்கு மேல் டெபாசிட்டாகப் போட்டார்கள். 2019-ல் நிறுவனம் தடுமாறியபோது 2,200 கோடிக்கு மேல் திரும்பாமல் நின்றது. ரசீதில் டெபாசிட் என்றுதான் இருந்தது. கொடுத்தது வங்கி அல்ல.

மாநில அரசு உத்தரவாதம் என்றால் அரசாணையையே படியுங்கள். அசல், வட்டி இரண்டுக்குமா, அசலுக்கு மட்டுமா? ‘முழு ஆதரவு உண்டு’ என்று துறைச் செயலர் எழுதும் கடிதம் உத்தரவாதம் ஆகாது. அரசியலமைப்பின் 293(1)-ன்படி சட்டமன்றம் விதித்த வரம்புக்குள்தான் மாநிலம் உத்தரவாதம் கொடுக்க முடியும். கேரளத்துக்கு 2003-ம் ஆண்டின் உத்தரவாத உச்சவரம்புச் சட்டம் இருக்கிறது. 299-ன்படி ஆளுநரின் பெயரால், அதிகாரம் பெற்றவர் கையெழுத்தில் இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது.

கடன் பத்திரங்களின் ரேட்டிங் (தர மதிப்பீடு) விஷயம் சுருக்கமாக. ஒரே ரேட்டிங் நிறுவனம் கொடுத்த ‘டபுள் ஏ’ போதாது, இரண்டு வேண்டும். இரண்டுக்கு மேல் இருந்தால் மிகக் குறைந்த இரண்டைத்தான் எடுக்க வேண்டும். தரகர் அனுப்பும் தாளிலோ மிக உயர்ந்தது மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். ரேட்டிங் தேதியையும் பாருங்கள்.

‘சட்டத் தடை ஏதும் இல்லை’ என்று முடியும் கருத்துரைதான் மிக ஆபத்தானது. டிரஸ்டுப் பணத்துக்கு இந்தக் கேள்வியே தலைகீழ். தடை இருக்கிறதா என்று தேடுவதற்கு முன், போட அதிகாரம் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும்; டிரஸ்ட் டீடின் எந்த உட்பிரிவு, அறிவிக்கையின் எந்த வகை, அந்த வகையில் இன்று எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று வரிசையாக. பழைய கருத்துரையைப் பார்த்து இந்திய டிரஸ்ட் சட்டம் 20-ம் பிரிவின் நீளமான பட்டியலை எடுத்து எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2016 திருத்தத்தோடு அந்தப் பட்டியல் போய்விட்டது.

நஷ்டம் வந்த பிறகு வரும் கேள்வி: ‘இதில் 40 லட்சம் போனால் என்ன, அதில் 50 லட்சம் வந்ததே, கழித்துக்கொள்ளலாமா?’ இரண்டும் விதி மீறிப் போட்டவை என்றால் முடியாது. டிரஸ்ட் சட்டத்தின் 24-ம் பிரிவு ஒரு மீறலின் லாபத்தை இன்னொரு மீறலின் நஷ்டத்தில் கழிக்க விடாது. காலம் கடந்துவிட்டது என்று தேற்றுவதும் தவறு. டிரஸ்டுச் சொத்தையோ அதன் கணக்கையோ டிரஸ்டியிடம் கேட்டுப் போடும் வழக்குக்கு லிமிடேஷன் சட்டம் 10-ம் பிரிவில் காலவரம்பு இல்லை. தரகரோ வங்கியோ கொடுக்கும் கமிஷன் டிரஸ்டுக் கணக்கில்தான் வர வேண்டும். கோப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

முதலாளி நிறுவனம் தன் டிரஸ்டுக்குத் தானே பாண்ட் எழுதிக் கொடுக்கும் கோப்பும் வரும். அங்கே டிரஸ்டிகளில் பாதிப்பேர் அந்த நிறுவனத்தின் அதிகாரிகள். கருத்துரை கேட்டது டிரஸ்டா, நிறுவனமா, அரசா என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். டிரஸ்டுக்கும் நிறுவனத்துக்கும் ஒருவரே எழுத நேர்ந்தால் ஒன்றைத் திருப்பி அனுப்புங்கள்.

சித்தூரிலிருந்தோ தேவிகுளத்திலிருந்தோ ஓய்வூதியர் ஒருவர் ‘என் பணத்தை எங்கே போட்டிருக்கிறீர்கள்’ என்று தமிழில் மனுக் கொடுத்தால், மொழியைக் காரணம் காட்டித் திருப்பச் சொல்லிக் கருத்துரை கொடுக்காதீர்கள். அரசியலமைப்பின் 350-ம் உறுப்பு மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் மனுச் செய்ய உரிமை தருகிறது. மலையாள மொழிபெயர்ப்பைக் கோப்பில் சேர்க்கும்போது தமிழ் மூலத்தையும் கூடவே வையுங்கள். மனுவில் அவர் ‘வைப்பு’ என்று எழுதினாரா ‘முதலீடு’ என்று எழுதினாரா என்பது மொழிபெயர்ப்பில் தெரியாது.