கடல் நமக்குப் புதுசா? தனியாக இலங்கைக்கு அலை தேடிப் போகும் வடசென்னைப் பசங்க செய்யும் தவறுகள்

எங்க பக்கத்துப் பசங்க இலங்கைக்கு சர்ஃபிங் போகும்போது செய்யும் பெரிய தவறு, பை கட்டுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. "கடல் நமக்கென்ன புதுசா?" என்று கேட்டுக்கொள்வதுதான் அது. நானும் கேட்டேன். திருவொற்றியூர் குப்பத்தில் பிறந்தவன், அப்பா காசிமேட்டில் போட்டுக்குப் போகிறவர், மூன்று வருஷம் ஞாயிறுதோறும் கோவளம் போய் போர்டு பழகியிருந்தேன். இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம்பேயில் இறங்கிய முதல் நாளே உள்ளங்கால் கிழிந்தது.

நம்ம கடலை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். துறைமுகம் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்து வரும் மணல் அந்தப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா அகலமானது, ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைந்தது. அதைத் தடுக்கக் கொட்டிய கல்லின் மேல்தான் நாம் வளர்ந்தோம். இங்கே பெரும்பாலும் பக்கத்துக் காற்று கிளப்பும் அலை. ஆறேழு வினாடிக்கு ஒன்று வரும், சட்டென்று உடையும், கல்லில் மோதி முடியும். இலங்கையின் தெற்குக் கரைக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே நிலமே கிடையாது. அந்தத் தென்கோடியில் அடிக்கும் புயல் கிளப்பும் அலை பல நாள் ஓடி அங்கே கரையேறுகிறது. அலைக்கும் அலைக்கும் இடைவெளி பன்னிரண்டு, பதினைந்து வினாடி. உயரம் ஒன்றாகவே இருந்தாலும், இடைவெளி நீண்ட அலைக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர் அதிகம், அடியும் அதிகம். இடுப்பளவு அலைதானே என்று நின்றால் தூக்கி வீசிவிடும்.

இன்னொன்று, அந்த அலை கூட்டமாக வரும். பத்து நிமிஷம் குளம் மாதிரி கிடக்கும், பிறகு நாலைந்து பெரிய அலை வரிசையாக வரும். நான் குளத்தைப் பார்த்துவிட்டு இறங்கினேன். பாதி தூரம் கையால் துழாவிப் போனபோது வரிசை வந்தது. போர்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கால் ஊன்றினால் அடியில் மணல் இல்லை, 'பார்' என்று நாம் சொல்லும் கடலடிப் பாறை. அங்கே முருகைக்கல் என்பார்கள். போர்டையும் காலையும் இணைத்துக் கட்டியிருந்த லீஷ் கயிறு அறுந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

அதனால் எந்த இடமானாலும் அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து பாருங்கள். வரிசைக்கு எத்தனை அலை, எங்கே உடைகிறது, உள்ளூர் பசங்க எந்த வழியாக உள்ளே போகிறார்கள் என்று எண்ணுங்கள். இதைத்தான் நம்ம வீட்டுப் பெரியவர்கள் போட்டைத் தள்ளுவதற்கு முன் செய்வார்கள். கையில் போர்டு வந்ததும் நமக்கு மறந்துபோகிறது.

அறுகம்பேயில் மெயின் பாயின்ட் பெயர்பெற்றது என்று எல்லோரும் நேரே அங்கே போவார்கள். கொஞ்ச நாள் பேபி பாயின்டிலோ விஸ்கி பாயின்டிலோ கழித்துவிட்டுப் போனால் மானமும் தோலும் மிஞ்சும். தெற்கே வெலிகம ஆரம்பிக்கிறவர்களுக்கு நல்ல இடம். சிங்களத்தில் 'வெலி' என்றால் மணல், அடியில் இருப்பதும் அதுதான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மிதிகமவில் பார் மேலேயே அலை உடையும். இலங்கையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் பார் மேல் முழங்கால் தண்ணீர் நிற்கும் இடத்தில் அரையடி குறைந்தாலே கதை வேறு.

அடுத்த தவறு, காலம் தப்பிப் போவது. ஆபீஸில் டிசம்பர் லீவு கிடைத்தது என்று அறுகம்பேக்கு டிக்கெட் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிசம்பரில் கிழக்குக் கரையில் வாடைக் காற்றும் மழையும்தான். அப்போது தென்மேற்குக் கரைக்குப் போக வேண்டும். ஹிக்கடுவ, வெலிகம, மிரிஸ்ஸ எல்லாம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்குக்கு ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. அதாவது நமக்கு மீன்பிடித் தடைக்காலம் நடக்கும்போது அங்கே சீசன் தொடங்குகிறது. போட்டுகள் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாளில் மே கடைசி வாரம்தான் என் கணக்கில் சரியான நேரம்.

தடைக்காலம் ஏப்ரல் 15 ஆரம்பிக்கிறதே என்று அன்றைக்கே கிளம்பாதீர்கள். அவர்களுக்கும் 13, 14 புத்தாண்டு. சிங்களவர், தமிழர் இருவருக்கும் அதே நாள் என்பதால் நாடே ஊருக்குப் போயிருக்கும். பஸ்ஸில் இடம் கிடைக்காது, தெற்கே பல நாள் சாப்பாட்டுக்கடை மூடியிருக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி போயா விடுமுறை, அன்றைக்கு மதுக்கடை கிடையாது. அதுகூட நல்லதுதான் என்று அம்மா சொன்னாள்.

போர்டு தூக்கிக்கொண்டு போகலாமா? ஒன்பதடி போர்டு வைத்திருந்தால் வேண்டாம். விமானத்தில் அதற்குத் தனிக் காசு, அப்புறம் கொழும்பிலிருந்து அறுகம்பேக்குப் பக்கத்து ஊரான பொத்துவிலுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பஸ். ரயில் அந்தப் பக்கம் கிடையாது, மட்டக்களப்போடு நின்றுவிடும். வெலிகமவுக்கு மட்டும் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து கடலோரமாகவே ரயில் போகும். அங்கேயே வாடகைக்கு எடுப்பது சுலபம். எடுக்கும்போது கடைக்காரர் கண் முன்னால் போர்டின் இரண்டு பக்கமும், அடியில் துடுப்பு மாதிரி இருக்கும் ஃபின்னும், விளிம்பும் போட்டோ எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருந்த ஒரு விரிசலுக்கு நான் மூன்று நாள் வாடகையை அபராதமாகக் கட்டினேன். கடை பெயர் எதற்கு, எல்லாக் கடையிலும் நடக்கும்.

ஜிபே இருக்கிறது என்ற தைரியமும் தவறுதான். 2024 பிப்ரவரியில் இலங்கையில் யுபிஐ வந்தது உண்மை. ஆனால் கடற்கரைக் கொத்துரொட்டிக் கடைக்குக் கையில் நோட்டு வேண்டும். ஸ்கூட்டர் எடுத்தால் இந்திய லைசென்ஸ் மட்டும் போதாது, அவர்கள் அங்கீகரித்த அனுமதியும் வேண்டும். விசா விஷயத்தில் அரசு இணையதளத்தை மட்டும் பாருங்கள். அதே மாதிரி தோற்றத்தில் காசு பிடுங்கும் தளங்கள் உண்டு. புலிப் படம் போட்ட டி-ஷர்ட்டும் போன் வால்பேப்பரும் வீட்டிலேயே இருக்கட்டும். இங்கே கட்சி மேடையில் சகஜம், அங்கே போலீஸ் கேஸ்.

மொழியைப் பற்றி ஒரு பெரிய நினைப்போடு போனேன். தமிழ்தானே, சமாளிக்கலாம் என்று. தெற்கே சிங்களம்தான். 'அய்யா' என்றால் அண்ணன், 'மல்லி' என்றால் தம்பி. ஒருவர் என்னை மல்லி, மல்லி என்று கூப்பிட, நான் கொத்தமல்லி வேண்டாம் என்றேன். பொத்துவிலில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் அதிகம். ஆனால் நம்ம "இன்னாப்பா", "வாடா போடா" அங்கே மரியாதைக்குறைவு. சின்னப் பையனைக்கூட "நீங்கள்" என்பார்கள். கடற்கரையை விட்டு ஊருக்குள் வரும்போது சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். கச்சான் என்றால் நமக்குக் காற்று, அங்கே வறுத்துப் பொட்டலம் கட்டித் தருவார்கள், வேர்க்கடலை. அறுகம்பேக்குத் தெற்கே 'பீநட் ஃபார்ம்' என்றே ஓர் அலை இடம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

தண்ணீருக்குள் ஒரு வழக்கம் உண்டு. அலை முதலில் உடையும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அந்த அலை. குறுக்கே ஏறினால் சண்டை. நல்ல நாளில் இருபது பேர் காத்திருப்பார்கள், பொறுமை வேண்டும்.

தனியாகப் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது, கடலைத் தாண்டி நிற்கும் ஆபத்து. அறுகம்பேயைச் சுற்றிக் காயல்கள், அவற்றில் முதலை. 2017 செப்டம்பரில் எலிஃபன்ட் ராக் பக்கம் ஒரு பிரிட்டிஷ் இளைஞரை முதலை இழுத்துக்கொண்டு போனது. காலில் மணல் கழுவ நல்ல தண்ணீர் என்று அங்கே இறங்காதீர்கள். பாணமை வழியாக உகந்தை முருகனைப் பார்க்கப் போகலாம். கதிர்காமத்துக்கு நடந்து போகும் பக்தர்கள் தங்கிக் காட்டுக்குள் நுழையும் இடம் அது, கோயிலை ஒட்டியே அலையும் இருக்கிறது. ஆனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும், அந்த ரோட்டில் யானை நிற்கும். அடிபட்டால் 1990 அழையுங்கள், இலவச ஆம்புலன்ஸ்.

கால் கிழிந்த அன்று நான் எங்கே போனேன் என்று ஒருவருக்கும் தெரியாது. விடிவதற்கு முன் கிளம்பியவன், மதியம் நொண்டிக்கொண்டு வந்தேன். தங்கியிருந்த வீட்டுப் பாட்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "சொல்லிட்டுப் போக ஏலாதா மனே? நான் ஆரிட்டக் கேக்குற?" என்றார். அடுத்த நாளிலிருந்து எந்த பாயின்ட், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் வெற்றிலைத் தட்டில் வைத்துவிட்டுப் போனேன். பாட்டிக்குக் கண் தெரியாது. பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வாராம்.